மஞ்சள் பூசிய கட்டில்

அன்று மயிலம்மாள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரி மயிலம்மாள், அவள் மகன் முத்தன், அவள் தம்பி ராசப்பன், தை மாதம் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த இருசாயி, இருசாயியின் தகப்பனார் சின்னுசாமிக் கவுண்டர், மலையடிவாரத்துக் காரவள்ளியில் கட்டில் கடை வைத்திருந்த காளியண்ணன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சோளக்காட்டுச் சந்தையில் சொல்லித் திரிகிறவர்கள் பலர். அவர்களில் ஒருவர்கூட அன்றைக்கு அந்த வாசலை மிதிக்கவில்லை.

சின்னுசாமிக் கவுண்டர் உட்காரவில்லை. மயிலம்மாள் பாய் விரித்திருந்தாள், செம்பில் தண்ணீரும் வைத்திருந்தாள். இரண்டின் பக்கமும் அவர் திரும்பவில்லை.

சுற்றுவட்டத்தில் மகளுக்குக் கட்டில் சீர் கொடுத்தவர் அதுவரை யாரும் இல்லை. அண்டா, பாய், எருமை என்றுதான் போகும். கவுண்டர் கட்டில் கொடுத்தார். லாரி சோளக்காட்டோடு நின்றுவிடும். அதற்கப்புறம் ஒற்றையடிப் பாதை, தலைச்சுமை. முழுக் கட்டில் மயிலம்மாள் வீட்டு நிலைவாசலில் நுழையவும் செய்யாது. அதனால் கழற்றிப் பூட்டுகிற மாதிரி காளியண்ணன் செய்து கொடுத்தான். கால், சட்டம், பலகை எல்லாம் தனித்தனி. கூடவே போல்ட்டும் ஸ்பேனரும், பூட்டும் முறையை அச்சடித்த ஒரு தாளும். 'இதைப் படித்து எவரும் பூட்டலாம்' என்று தாளின் தலையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

முத்தன் படித்துத்தான் பூட்டினான். விருந்தன்று ராசப்பன் போய் அதில் உட்கார்ந்தார். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்து, அவர் தரையில் கிடந்தார். எழுந்தவர் சும்மா இருந்திருக்கலாம். பழைய கட்டிலுக்கு மெருகு போட்டு சம்பந்தி தலையில் கட்டிவிட்டார் என்று ஊர் ஊராகச் சொன்னார். அதைக் கேட்டுக் கேட்டு மயிலம்மாளும் ஆள் அனுப்பினாள், கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று.

சீர் திரும்பி வருவதென்றால் என்னவென்று கவுண்டருக்குத் தெரியும். இன்றைக்குக் கட்டில் வரும். நாளைக்கு அதே பாதையில் மகள் வருவாள். அந்தக் கட்டில் நிமிர்ந்து நிற்கும்வரை சம்பந்தி வீட்டுத் தண்ணீர் தன் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிட்டு, நேரே காரவள்ளிக்கு இறங்கிக் காளியண்ணனைக் கையோடு கூட்டிவந்திருந்தார்.

"தாள்ல தப்பே இல்லீங்க," என்றான் காளியண்ணன். "கடையில எத்தனையோ தடவை பூட்டிப் பாத்தாச்சுங்க."

"ஆரு பூட்டினாங்க?"

"எங்க கடை ஆளுங்கதானுங்க."

"அந்தக் கட்டிலச் செஞ்ச ஆளுங்க."

"ஆமாங்க."

"செஞ்சவனே பூட்டிப் பாத்தா அது என்னய்யா சோதனை? அவனுக்குத் தாள் எதுக்கு? கண்ணக் கட்டி உட்டாலும் பூட்டுவான்." கவுண்டரின் குரல் ஏறவில்லை. அவர் கோபம் அப்படித்தான், குரல் இறங்க இறங்கத்தான் அது ஏறும். "மாப்பிள்ளை படிச்சுப் பூட்டட்டும். நீ அந்தப் பலா மரத்தடியில கையக் கட்டிக்கிட்டு நில்லு. வாயத் தொறந்தயோ, காரவள்ளிக்கு நடந்து போக மாட்ட, உருண்டுதான் போவ."

ராசப்பன் சிரித்தார். "கட்டில் பூட்டறதுக்குப் பஞ்சாயத்து. நல்லா இருக்குதுங்க மாமா."

"விழுந்தவரு பேசக் கூடாதுங்க," என்றார் கவுண்டர்.

முத்தன் தாளை விரித்து உரக்கப் படித்தான். "ஒன்று என்று குறித்த காலை ஒன்று என்று குறித்த சட்டத்தில் பொருத்தவும்." வாசலில் பிரித்துப் போட்டிருந்த கால்களில் ஒன்றை எடுத்துப் புரட்டினான். அடுத்ததைப் புரட்டினான். "எண்ணே இல்லீங்க மாமா. அன்னைக்கும் இல்லை. எல்லாக் காலும் ஒண்ணு மாதிரி இருந்துச்சு, ஒரு குத்துமதிப்பாப் பூட்டினேன்."

காளியண்ணனால் பொறுக்க முடியவில்லை. "ஒவ்வொண்ணுலயும் சாக்கட்டியில பெரிசாப் போட்டுக் குடுத்தேனுங்க! தலைமாட்டுக் காலுக்கு ஓட்டை மேல இருக்கும், கால்மாட்டுக்குக் கீழ. மாத்திப் பூட்டுனா போல்ட் பாதிதான் புடிக்கும்."

"போட்ட எண்ணு எங்க போச்சாம்?" என்றார் ராசப்பன். "புதுக் கட்டிலா இருந்தா இருந்திருக்கும்."

மயிலம்மாள் தம்பியை அடக்கவில்லை. அதைக் கவுண்டர் கவனித்தார்.

அப்போது இருசாயி வாசற்படியில் நின்றபடி சொன்னாள்: "ஏனுங்கப்பா, அம்மா மஞ்சத் தண்ணி ஊத்தித் துடைச்சுதானே அனுப்புச்சு?"

அது நடந்ததுதான். சீர்ச் சாமான் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் மஞ்சள் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். கவுண்டர் முன்னால் நின்று, ஓர் இடுக்கு விடாமல் துடைக்கச் சொன்னார். அவர் மனைவி பழனியம்மாள் துடைத்தாள். சாக்கட்டி எண் துணியோடு போய்விட்டது.

காளியண்ணனுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா? உங்க ஊட்டுலயே அழிச்சுட்டு எம்மேல பாயறீங்களே."

ராசப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"கழுவச் சொன்னது நாந்தான்," என்றார் கவுண்டர். "இன்னொரு மக இருந்தா அவ கட்டிலையும் கழுவத்தான் சொல்லுவேன்." பிறகு மயிலம்மாளைப் பார்த்தார். "ஏனுங்க சம்பந்தி. மஞ்சப் படாத சீரு உங்க வாசலுக்கு வந்தா உள்ள எடுப்பீங்களா?"

மயிலம்மாள் தம்பியைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "எடுக்க மாட்டேனுங்க. அது எப்படிங்க எடுக்கறது."

"கேட்டுக்கிட்டயா?" கவுண்டர் மரத்தடிக்கு நடந்தார். "சீர்க் கட்டில்னு சொல்லித்தானே வாங்கினேன்? கல்யாண ஊட்டுக்குச் செஞ்சு குடுக்கறவன் கல்யாண ஊட்டுல என்ன செய்வாங்கன்னு தெரிஞ்சுக்க மாட்டயா? தண்ணி பட்டா போற எண்ணப் போட்டுட்டு, எவரும் பூட்டலாம்னு அச்சடிச்சயே. அந்த எவரும் ஆருய்யா? உங்க கடை ஆளுங்க மட்டுமா? எடு உளிய. வெட்டு."

காளியண்ணன் பையிலிருந்து உளியை எடுத்தான். முதல் காலிலும் அதற்குரிய சட்டத்திலும் ஒரு வெட்டு, இரண்டாவதில் இரண்டு வெட்டு என்று மூட்டுக்கு மூட்டு வெட்டிக்கொண்டு போனான். முடிந்ததும் கவுண்டர் சொன்னார்: "சம்பந்தி, மஞ்சத் தண்ணி கொண்டாங்க. இப்பத் துடைங்க. நல்லா அழுத்தி."

மயிலம்மாள் தன் கையாலேயே துடைத்தாள். வெட்டு அப்படியே இருந்தது, மஞ்சள் ஏறி முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது.

முத்தன் மறுபடி படித்தான். பாதியில் நின்றான். "இடப்பக்கச் சட்டம்னு போட்டிருக்குதுங்க. நிக்கறவனுக்கு இடப்பக்கமா, படுக்கறவனுக்கா?"

காளியண்ணன் வாய் திறந்தான். கவுண்டர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"சொல்லாத. கீழ போனதும் அந்த வரிய மாத்தி அச்சடி. மாப்பிள்ளை, நீங்க வெட்ட எண்ணிப் பூட்டுங்க."

முத்தன் வெட்டை எண்ணிப் பூட்டினான். கட்டில் நின்றது. கவுண்டர் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்தார். அசையவில்லை.

"உக்காருங்க," என்றார் ராசப்பனிடம்.

"எனக்கு இடுப்புப் புடிச்சிருக்குதுங்க மாமா. அன்னைக்கு விழுந்ததுல."

"ஊரெல்லாம் சுத்தும்போது புடிக்கலையாக்கும்," என்றாள் மயிலம்மாள். தம்பியிடம் அவள் அப்படிப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலின் நட்டநடுவில் ஏறி உட்கார்ந்தாள். காலையும் மேலே தூக்கிவைத்துக்கொண்டாள். "இருசாயி, கண்ணு, அந்தத் தண்ணி வெயில்ல சுட்டுப்போயிருக்கும். உங்கப்பாவுக்கு வேற கொண்டா."

இருசாயி கொண்டுவந்தாள். கவுண்டர் நின்றபடியே குடித்தார். கட்டில் திரும்பாது என்று தெரிந்த பிறகும் அவர் முகம் இளகவில்லை. செம்பைக் கொடுத்துவிட்டு ராசப்பனிடம் சொன்னார்: "எந்தெந்த ஊர்ல என்ன சொன்னீங்களோ, அந்தந்த ஊருக்குப் போயிட்டு வாங்க. நான் கேட்டுக்குவேன்."

ராசப்பன் போனாரோ இல்லையோ, பேச்சு மட்டும் நிற்கவில்லை. சின்னுசாமிக் கவுண்டர் கொடுத்த கட்டில் முதல் ராத்திரியே புருசன் பெண்டாட்டியோடு உடைந்தது என்று சோளக்காட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது பொய். கட்டில் உடையவே இல்லை, கழன்றது. கழன்றது பட்டப்பகலில். அப்போது அதில் இருந்தது ராசப்பனும் அவர் மடியில் இருந்த ஒரு பலாப்பழமும் மட்டுமே.