எந்த அணிக்குப் பிள்ளை

ஆற்றுக்குக் கிழக்கே பிறந்தவர்கள் நீலம், மேற்கே பிறந்தவர்கள் சிவப்பு. ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் தென்கோடியில், கறவை மாட்டையும் கால்பந்தையும் தவிர வேறெதையும் பெரிதாக மதிக்காத ஊர் அது. ஒருத்தி வயிற்றில் பிள்ளை என்றால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த அணி என்றுதான் கேட்பார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கரை என்றால் தொல்லையில்லை. கெரின் அசல் நீலம். அவள் கணவன் வேட் குயின்ஸ்லாந்திலிருந்து வந்தவன், ரக்பி பார்ப்பவன். நல்ல மனிதன்தான், ஆனால் அவன் ஓட்டு செல்லாத ஓட்டு.

அந்தச் சந்தில்தான் புகுந்தாள் டானெல். கடைத்தெருவில் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள், பள்ளி நாளிலிருந்து கெரினின் சிநேகிதி, தலைமுதல் கால்வரை சிவப்பு. முப்பத்தொன்பது வயதில் கெரின் கர்ப்பம் என்று கேட்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணீர் காய்வதற்குள், பிள்ளை எங்களுக்குத்தான் என்றாள். என் பிள்ளை சிவப்பைப் போட்டால் ராத்திரி மாட்டுக் கொட்டகையில்தான் படுக்கும் என்றாள் கெரின். அன்றிலிருந்து சண்டை ஓயவில்லை. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் கட்சி பிரிந்து நின்று தூபம் போட்டார்கள்.

டானெலின் கடை நாற்காலியில் கெரின் உட்கார்ந்திருந்தபோதுதான் டாக்டரின் போன் வந்தது. சாயம் பூசிய தலை நிறைய வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனவள் வெகுநேரம் வரவில்லை. டானெல் போய்ப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்த்துப் பார்த்ததில் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க நிறைய வாய்ப்பு என்கிறார்களாம். நிச்சயமாகத் தெரிய ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். ஊரையே வாயால் ஓட்டுகிற டானெல் அவளை நாற்காலிக்குத் திரும்பக் கூட்டிவந்தாள். சாயத்தை அலசிவிட்டாள், தலையைத் துவட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? கெரின் வீட்டு வாசலுக்கு, இறைச்சியும் சீஸும் அடுக்கிச் சுட்ட லசானியா தட்டுகள் வரத் தொடங்கின. சாவு விழுந்த வீட்டுக்கு அந்த ஊர் கொண்டுபோய் வைப்பது அதைத்தான். மணியை அடிக்காமல் வைத்துவிட்டு நைசாக நழுவினார்கள். எந்த அணி என்று கேட்பதை எல்லாரும் ஒரே நாளில் நிறுத்திக்கொண்டார்கள்.

டானெல் லசானியா செய்யவில்லை. அதைவிடப் பெரிய பிழை செய்தாள். நீல அணியின் கிளப் கவுன்டரில் போய் வரிசையில் நின்று, கையளவு நீலக் கம்பளித் தொப்பி ஒன்றை வாங்கினாள். பிறந்ததிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் அவள் கால் வைத்ததில்லை. கெரினின் சமையலறை மேசையில் அதை வைத்து, தான் தோற்றுவிட்டதாகவும் பிள்ளை நீலமாகவே இருக்கட்டும் என்றும் மெல்லச் சொன்னாள். தன் பெருந்தன்மையை நினைத்து அவளுக்கே கண் கலங்கியது.

கெரின் தொப்பியைத் தொடவில்லை.

"போன வாரம் வரைக்கும் எம் பிள்ளைக்கு அடிச்சுக்கிட்டே. இப்ப என்னடி, சும்மா குடுத்தாக்கூட வேணாமா?"

டானெல் அப்படியில்லை என்று ஆரம்பித்தாள்.

"அப்படித்தான். ஊரு மொத்தமும் துக்கம் விசாரிச்சுட்டுப் போயிருச்சு. நீ ஒருத்தியாவது சண்டைக்கு வருவேன்னு நெனச்சு ஒக்காந்திருக்கேன். நீயும் கைகழுவிட்டே."

டானெலுக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை. இந்தக் குழந்தை ஆடாது, ஓடாது என்று தானே முடிவு கட்டித்தான் விட்டுக்கொடுத்திருக்கிறாள். இரக்கம் என்று நினைத்துக்கொண்டு ஒரு குழந்தையை எண்ணிக்கையிலிருந்து அடித்துவிட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. தொப்பியை எடுத்துப் பையில் திணித்தாள்.

"தப்புதான். திருப்பிக் குடுத்துர்றேன். ஆனா ஒங்க கவுன்டர்ல நான் நின்னத ரெண்டு பேரு பாத்துட்டாங்க. எம் மானம் போனது போனதுதான்."

கெரினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையானது. அழுதபடியே, குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை, லசானியாவைத் தின்று தொலை என்று ஒரு தட்டை அவள் முன் தள்ளினாள்.

ஊசி போடும் நாளில் வேடால் மாடுகளை விட்டு வர முடியவில்லை. டானெல்தான் கடையைப் பூட்டிவிட்டு நகரத்துக்குக் கார் ஓட்டினாள். பாதி வழிவரை கரைச் சண்டை நடந்தது. அப்புறம் கெரின், தான் போன பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டாள். டானெல் தெரியவில்லை என்றாள். நீ எந்த முடிவு எடுத்தாலும் நான் உன் பக்கம் என்றாள். வேறு எதுவும் சொல்லிச் சமாளிக்கவில்லை.

பரிசோதனை முடிவு வந்த அன்று கெரினே கடைக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்குதாம். பொண்ணு. பெத்துக்கறதுன்னு நானும் வேடும் முடிவு பண்ணிட்டோம்."

டானெல் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். கண்ணில் நீர் தானாக இறங்கியது. அதைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. கெரின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்பது டானெலுக்குத் தெரிந்தது.

"பொண்ணா?" என்றாள், குரல் உடைந்தபடியே. "எங்க பொண்ணுங்க டீமுக்கு ஆளு போதாம கெடக்கு. இவள விடமாட்டேன். கோர்ட்டுக்குப் போனாலும் சரி."

"போடி, போ. கனவு கண்டுக்கிட்டு இரு," என்று கெரின் கத்தத் தொடங்கினாள். பாதி வெட்டிய முடியோடு நாற்காலியில் இருந்த கிழக்குக்கரைக்காரி ஒருத்தி, கெரின் சொல்வதுதான் நியாயம் என்று எழுந்து நின்றாள்.