பின்சக்கரத்துக் காற்று

கிச்சாவின் வண்டிக்கு ட்யூப்லெஸ் போடச் சொன்னதே ராகேஷ்தான்.

கிச்சா என்கிற ஸ்ரீகிருஷ்ணா மயிலாப்பூரில் பல் டாக்டர். ராகேஷ் தி.நகரில் அப்பாவின் பாத்திரக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். பள்ளிக்கூடத்து சிநேகம். ஞாயிறு காலையில் மண்ணிலும் கல்லிலும் பைக் ஓட்டும் குழு ஒன்றில் இருவரும் இருந்தார்கள். கிச்சாவின் வண்டிக்குக் கம்பிச் சக்கரம். கூர்மையான கல்லில் ஏறும்போதெல்லாம் உள்ளே இருக்கும் ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். வழியில் சக்கரத்தைக் கழற்றி ஒட்டுவதற்குள் பொழுது போய்விடும்.

"இன்னும் எத்தனை நாளைக்குடா ட்யூபைக் கட்டிக்கிட்டு அழுவ? காதர் பாய்கிட்ட வா" என்று ராகேஷ்தான் அவனைச் சைதாப்பேட்டையில் காதரின் மெக்கானிக் கடைக்கு அழைத்துப் போனான்.

காதர் ரிம்மின் உட்புறத்தைத் தேய்த்துத் துடைத்து, கம்பிகள் இறங்கும் ஓட்டை ஒவ்வொன்றையும் பசையால் அடைத்து, மேலே அகல டேப்பைச் சுற்றி ஒட்டினார். ட்யூப் இல்லாமலே டயரில் காற்று நின்றது. வண்டியை எடுக்க ராகேஷ் மட்டும் போயிருந்தான்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க நைனா" என்றார் காதர். "இந்த ரிம்முக்கு டயரைப் புடிச்சு நிறுத்த வரம்பு கெடையாது. காத்துதான் புடிச்சுக்கினு கீது. காத்தை இருபது பாயிண்டுக்குக் கீழ வச்சு ரோட்ல வளைச்சன்னா டயர் ரிம்மை விட்டுடும். டாக்டர் கிட்ட சொல்லிடு."

ராகேஷ் தலையாட்டினான். சொல்லவில்லை. மறந்துதான் போனான், அப்போது.

அடுத்த ஞாயிறு கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் கிச்சாவின் பின்சக்கரம் மணலில் புதைந்தது. மூன்று முறை தள்ளினார்கள். "இதுக்கா இவ்வளவு மெனக்கெட்டோம்?" என்று சிரித்துவிட்டு, அம்மாவின் போன் வந்ததால் கிச்சா தள்ளிப்போனான். அந்தச் சிரிப்பு ராகேஷைக் குத்தியது. காற்று குறைந்தால் டயர் அகன்று மணலில் புதையாது என்று, குனிந்து பின்சக்கரத்து வால்வை அழுத்திக் காற்றை இறக்கினான். அளந்து பார்க்கவில்லை. பதினைந்து இருக்கும், குறைவாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்த கிச்சா கிளப்பியதும் வண்டி மணலைவிட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

"டேய், இந்தத் தடவை எப்படிடா வந்தது?"

"ட்யூப்லெஸ்னா சும்மாவா மச்சி?" என்றான் ராகேஷ்.

தார் ரோட்டில் ஏறியதும் காற்றை இறக்கியது அவனுக்கு நினைவு வந்தது. காதர் சொன்னதும் வந்தது. கைப் பம்ப் அவன் பையிலேயே இருந்தது. நிறுத்தினால், ஏன் காற்றடிக்கிறாய் என்று கிச்சா கேட்பான். பத்து கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க், அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று முன்னால் போனான். கண்ணாடியில் மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டே போனான்.

இரண்டாவது வளைவில் கண்ணாடியில் கிச்சா இல்லை.

வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட்டார்கள். பல் டாக்டருக்கு வலது கை. கிளினிக்கைப் பூட்டினார்கள்.

டயர் ரிம்மைவிட்டுக் கழன்று கிடந்ததைப் பார்த்த எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். கிச்சாவின் அம்மா காமாக்ஷி, காதரின் நம்பரைத் தேடிப் பிடித்து, "எம்பிள்ளை கையை உடைச்சுட்டு நீ நன்னா இருப்பியா?" என்று கேட்டுவிட்டாள். குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர், "காதர் கிட்ட யாரும் வேலைக்கு விடாதீங்க" என்று எழுதினார். கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. ராகேஷும் ஒன்று போட்டான். போடாவிட்டால் யாராவது கவனிப்பார்கள் என்று பயம்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யாராவது டம்ளரைத் தவறவிட்டால்கூடத் திடுக்கிட்டான். காதர் மூன்று முறை போன் செய்தார், எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி அனுப்பினார்: "வீலை மட்டும் கொண்டாந்து காட்டு தம்பி. பாக்கணும்."

பதினேழாம் நாள் கொண்டுபோனான். காதர் டயரை மாட்டிக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். மெதுவாகச் சுற்றினார். ஒரு குமிழி வரவில்லை. மறுபடி சுற்றினார்.

"டேப்பு அப்படியே கீது. பசையும் கீது. அப்ப நான் எங்க தப்பு பண்ணேன்?" அவர் ராகேஷைப் பார்த்துக் கேட்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக் கேட்டார். "இந்த வேலையையே வுட்டுட்டேன் தம்பி. இன்னொருத்தன் வுழுந்தா தாங்காது."

"பாய், நான்தான் காத்தை எறக்குனேன்" என்றான் ராகேஷ். மீதியையும் சொன்னான்.

காதர் சக்கரத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்தார். வெகுநேரம் கையைத் துடைத்தார்.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? டாக்டர் கிட்ட போய்ச் சொல்லு."

நேரே மயிலாப்பூர் போனான். கிச்சா கூடத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை அமுக்கப் பழகிக்கொண்டிருந்தான். விரல்கள் பாதிக்குமேல் மடங்கவில்லை. ராகேஷ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்.

"பம்ப் எங்க இருந்தது?" என்று மட்டும் கிச்சா கேட்டான்.

"பையில."

கிச்சா பந்தைக் கீழே வைத்தான். "நீ கண்ணாடியில பார்த்துண்டே போனியே. எனக்குத் தெரிஞ்சுது. எவ்வளவு அக்கறையா பார்க்கறான்னு நினைச்சிண்டே பின்னாடி வந்தேன்."

ராகேஷுக்கு அழுகை முட்டியது. அழவும் கூச்சமாக இருந்தது.

சமையலறை வாசலில் காமாக்ஷி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. திட்டுவாள் என்று ராகேஷ் எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றுகூடத் தோன்றியது. அவள் அவனைத் தாண்டிப் போய் மேஜையிலிருந்த போனை எடுத்தாள்.

"அந்த மனுஷனைக் கண்டபடி பேசிட்டேனே! வாயில வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துதே. அவர் நம்பரைப் போட்டுக் குடுடா."

ராகேஷ் போட்டுக் கொடுத்தான். "நான் கிச்சாவோட அம்மா பேசறேன்" என்று ஆரம்பித்து அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் காதர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவள், "இல்லப்பா, இல்லப்பா" என்றாள்.

கிச்சா மறுபடி பந்தை எடுத்துக்கொண்டான். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ராகேஷ் நின்ற இடத்திலேயே தன் போனைத் திறந்து, குழுவில் எழுத ஆரம்பித்தான்: "காதர் பாய் மேல எந்தத் தப்பும் இல்லை."