ஓடாத மினி பைக்

காலையில் ஷிப்ட் பஸ் போகிற சத்தம் கேட்டுவிட்டால் போதும், குழந்தைவேலுக்கு இருப்புக் கொள்ளாது. அவர் ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன, சுரங்கத்தில் அவரைத் தேடுவார் யாருமில்லை என்பதெல்லாம் அவருக்கு மறந்து போயிருந்தது. பெற்ற மகன் பெயரே மறந்தவருக்கு இது எம்மாத்திரம். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கொல்லைப்புற ஷெட்டுக்குப் போவார். அங்கேதான் மினி பைக் நின்றது.

ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் கம்பெனியில் ஒரு காலத்தில் வந்த குட்டி வண்டி அது. குழந்தைவேலோ ஆறடி ஆள். வாங்கிய புதிதில் முட்டி இரண்டும் மோவாயைத் தொட அவர் வேலைக்குப் போனதைப் பார்த்து, ஆட்டுக்குட்டி மேல் சவாரி என்று டவுன்ஷிப்பே சிரித்தது. மனிதர் அசரவில்லை. பின்னால் மனைவி விஜயலட்சுமியையும் ஏற்றிக்கொண்டு மெயின் பஜாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது, இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். இப்போது பெயிண்ட் உரிந்து, சீட் கிழிந்து, டேங்க் துருவேறிக் கிடந்தது வண்டி.

தினமும் அதை உதைப்பார். கிளம்பாது. மறுபடி உதைப்பார். பிறகு, "பிளக்குல கரி புடிச்சிக்கினு இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றுவார். கழற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டுவார்.

"விஜயா, துணி."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விஜயலட்சுமி விடியற்காலையில் எழுந்தாள். மற்ற நேரத்தில் சோறு போட்டால் சாப்பிடுவார், போட்டது யார் என்று ஏறிட்டும் பார்க்க மாட்டார். டாக்டர்கள் எல்லாரும் இனி இப்படித்தான் என்று கையை விரித்துவிட்டார்கள். அந்த வண்டி மட்டும், ஓடாமல் நின்றே, அவள் பெயரை அவர் வாயிலிருந்து தினம் ஒரு தடவை வரவழைத்தது.

ஒருநாள் கிக்கர் எதிர்த்து அடித்ததில் அவர் கணுக்கால் வீங்கிப் போயிற்று. மகன் அருண்ராஜ் அனல் மின் நிலையத்தில் வேலை பார்ப்பவன், குவார்ட்டர்ஸ் அவன் பெயரில்தான். அப்பா காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே சொன்னான்.

"வண்டிய சரி பண்ணிடலாம்மா."

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும்டா."

"தெனம் ஒதைச்சிக்கினு கெடக்கறாரு, உனக்குப் பாவமா இல்லியா? ஒரு வாட்டி ஓடிச்சின்னா பழசெல்லாம் ஞாபகம் வருமோ என்னமோ."

"எங்கனா ஓட்டிக்கினு பூடுவாருடா."

"நான் கூட இருக்கசொல்லதான் பெட்ரோல் ஊத்துவேன். நீ பயப்படாத."

வடலூரிலிருந்து மெக்கானிக் அய்யாசாமி வந்தார். வண்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு அவருக்கே மனசு இரண்டாகிவிட்டது. இந்தத் துருவிலும் ஒரு அழகு இருக்கிறது, அப்படியே வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு என்றார். ஆனால் ஓடவேண்டும் என்றால் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும்.

"இன்னாம்மா சொல்றீங்க? இப்படியே வுட்டுடலாமா, புதுசாக்கிடலாமா?"

விஜயலட்சுமி வாயைத் திறந்தாள். தோளுக்கு மேல் வளர்ந்த மகனையும் முன்பின் தெரியாத ஆளையும் வைத்துக்கொண்டு, என் புருஷன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? இந்த வயதில் இது ஒரு ஆசையா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

"புள்ள சொல்றபடி செய்யிங்க" என்றாள்.

வண்டி திரும்பி வந்தபோது அடையாளமே தெரியவில்லை. ரத்தச் சிவப்பில் டேங்க், புது சீட், பளபளவென்று சைலன்சர். அருண்ராஜ் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அப்பாவைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தான். ஒரே உதை. வண்டி படபடவென்று பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. குழந்தைவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார், முகத்தில் அப்படியொரு களை. அருண்ராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. மகன் சொன்னதுதான் சரியோ என்று விஜயலட்சுமியும் நினைத்துவிட்டாள்.

அவர் கேட்டைப் பார்த்தார். அதற்கப்பால் ரோட்டைப் பார்த்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது.

"எங்க போவணும்?" என்றார்.

இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "எங்க போவணும் தம்பி?" என்று இன்னும் மெதுவாகக் கேட்டார். அருண்ராஜ் குனிந்து இன்ஜினை நிறுத்தினான்.

மறுநாள் ஷிப்ட் பஸ் போயிற்று. மிச்சப் பெட்ரோலை அருண்ராஜ் வடித்து எடுத்துவிட்டான், எப்படியும் கிளம்பாது, பிளக்கைக் கழற்றுவார் என்ற நப்பாசையில் விஜயலட்சுமி முன்னதாகவே ஷெட்டில் போய் நின்றாள். அவர் வந்தார். அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்தார். யாரோ பெரிய மனிதர் வண்டி, தன் சட்டை பட்டு அது அழுக்காகிவிடக் கூடாது என்பதுபோல ஒதுங்கி, கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். வேப்பமர வரிசை முடிகிற இடத்தில்தான் எட்டிப் பிடிக்க முடிந்தது.

"ஏங்க, நில்லுங்க."

நின்றார். அவளை நன்றாகப் பார்த்தார். வெகு மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க எந்த பிளாக்கும்மா?"

"பதினாறுங்க."

"நம்ப வண்டிய எங்கயோ வுட்டுட்டேங்க. பழைய வண்டி, துருப்புடிச்சிக்கினு இருக்கும். கண்ணுல பட்டுச்சின்னா சொல்லுங்க. வூட்டுல விஜயா காத்துக்கினு இருப்பா."

"நானும் அந்தப் பக்கந்தாங்க போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பிய பக்கமெல்லாம் அவளும் திரும்பி நடந்தாள்.