ஜேசுதாஸ் பேரைச் சொல்லி

ஜேசுதாஸின் முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஏலக்காய் நாற்று கொடுப்பது என்று முடிவு செய்தது அவருடைய தம்பி பிச்சைமணி. அண்ணன் நினைவாக ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு செடி நிற்குமாம். போடிநாயக்கனூர்க் கடைத்தெருவே அதைக் கேட்டு உருகிப் போனது. செத்தவரின் மனைவி தேவகிருபையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாலியறுத்தவளிடம் என்ன கேட்பது!

ஜெபத்தன்று காலையில் அவளாகவே போடிமெட்டுச் சரிவிலிருந்த நாற்றங்காலுக்குப் போனாள். புருஷன் படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பாத்தியில் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். இளம் இலைகளில் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிறிய கோடுகள். கட்டை நோய். தோட்டத்துக்குள் நுழைந்தால் செடியைக் குட்டையாக்கி, காய்ப்பை நிறுத்தி, மலையையே மொட்டையடிக்கிற சனியன். பாத்திக்குப் பாத்தி பரவிக் கிடந்தது.

ஜேசுதாஸ் கோடு விழுந்த ஒரு நாற்றைக் கண்டால் அந்தப் பாத்தியையே பிடுங்கித் தீயில் போடுவார். வாங்க வந்தவர் கண்ணெதிரேயே போடுவார். "நல்லதும் சேந்து வேகுதே அப்பு" என்று யாராவது பரிதாபப்பட்டால், "ஒமக்கு வேணும்னா சாம்பல அள்ளிட்டுப் போம்" என்பார். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் மலையில் எந்தத் தோட்டக்காரனும் நாற்றுக்கு அவரிடம்தான் வந்து நின்றான். அந்த மனுஷனை நினைத்தபோது தேவகிருபைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இந்த நாற்று போனால் வருஷச் சாப்பாடு போச்சு. வெளியே தெரிந்தால் பேரும் போச்சு.

"ஒச்சம்மா, அம்புட்டையும் புடுங்கு" என்றாள் வேலைக்காரியிடம். "ஒண்ணு மிஞ்சக் கூடாது."

நாற்று ஏற்ற ஜீப்பில் பிச்சைமணி வந்து இறங்கியபோது பாதிப் பாத்திகளின் நாற்று தீயில் எரிந்துகொண்டிருந்தது. கூடவே தோட்டக்காரர் தங்கபாண்டியனும் இறங்கினார். போன மாதம், ஜேசுதாஸ் படுக்கையில் கிடந்தபோது, இங்கிருந்து ஒரு லோடு நாற்று வாங்கி நட்டவர்.

"மதினி! புத்தி பெரண்டு போச்சா?" பிச்சைமணி தலையில் அடித்துக்கொண்டான். "அண்ணே நாத்துல சீக்குன்னு தெரிஞ்சா அவுக பேரு என்னாகும்? கோடு விழாததாப் பாத்துக் குடுத்துட்டுப் போவோம்."

"இன்னிக்கு விழாதது நாளைக்கு விழும். ஒங்க அண்ணன் குடுத்திருப்பாகளா?"

"அவுகதான் இல்லையே!"

"நான் இருக்கேன்ல!"

அந்தச் சத்தத்தில் டிரைவர் பற்றவைத்த பீடியைக் கீழே போட்டுவிட்டான். தேவகிருபை தங்கபாண்டியன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒங்க லோடும் இதே பாத்திதான். வெரசா ஏறுங்க, போயிப் புடுங்கணும்."

"ஜெபத்துக்கு ஆளு வருவாகளே மதினி! நீங்க இல்லாம எப்படி?"

"வர்றவுகளுக்குச் சோத்தப் போட்டு, நாத்துல சீக்குன்னு சொல்லி அனுப்புங்க தம்பி. மறைச்சீகன்னா நானே கடைத்தெருவுல நின்னு சொல்லுவேன்."

யாருடைய பதிலுக்கும் காத்திராமல் வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தங்கபாண்டியனுக்கும் வேறு வழியில்லை, பின்னால் ஏறினார்.

அவர் தோட்டத்தில் புது நாற்றெல்லாம் வேர் பிடித்துத் தளிர் விட்டிருந்தது. தங்கபாண்டியனுக்கு மனசு கேட்கவில்லை. முதல் வரிசைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றார்.

"இது பச்சையாத்தான இருக்கு ஆத்தா? ஜேசுதாஸ் நாத்துன்னு ஊரெல்லாம் சொல்லி நட்டது. இத மட்டும் விட்ருவோமே!"

தேவகிருபை அவர் கைக்கு அடியில் குனிந்து, வரிசையின் முதல் நாற்றை வேரோடு பிடுங்கி அவர் காலடியில் போட்டாள்.

"அவுக பேரச் சொல்லித்தானண்ணே நட்டீக? அவுக பேரச் சொல்லித்தான் புடுங்குறேன்."

தங்கபாண்டியன் விரித்த கைகளை இறக்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வரிசையில் குனிந்தார்.