யாவோவின் மற்ற எட்டு மகன்கள்

ஆபீஸில் மேனேஜர் பதவி தனக்குத்தான் என்று தீபக் நம்பியிருந்தான். அது அவனைவிட இளையவனான க்ரிஷ்ஷுக்குப் போய்விட்டது. போதாததற்கு ஃபிரிஸ்கோ நகரில் இரண்டு பேர் வீடும் ஒரே சப்டிவிஷனில், அதாவது ஒரே குடியிருப்பில். குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனால்கூடக் கையசைத்துச் சிரிக்க வேண்டியிருந்தது.

வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவனை மனைவி மானஸாதான் கிளப்பிவிட்டாள். பக்கத்து வீட்டு லின் ஆன்ட்டி லைப்ரரி ஹாலில் ஒரு சீன நாடகத்தை ஆங்கிலத்தில் போடுகிறார், ஆள் போதவில்லையாம்.

"சும்மா நிக்கற ரோல்தான். டயலாக்கே கிடையாது. போயிட்டு வா," என்றாள்.

யாவோ என்ற பழங்காலச் சீன அரசரின் கதை அது. தன் மகன் டான்ஜூ சண்டைக்காரன் என்பதால், ஷுன் என்கிற விவசாயிக்கு நாட்டைக் கொடுக்க யாவோ நினைக்கிறார். அதற்கு முன் ஷுன் எப்படிப்பட்டவன் என்று பார்க்க, தன் ஒன்பது மகன்களையும் அவனோடு போய் இருக்கச் சொல்கிறார். டான்ஜூவின் பெயர் சரித்திரத்தில் நின்றுவிட்டது. மற்ற எட்டுப் பேரை யாருக்கும் தெரியாது. அந்த எட்டில் ஒருவன் தீபக்.

முதல் ஒத்திகைக்குப் போனால், ஷுன் வேஷத்தில் க்ரிஷ் நிற்கிறான். அப்படியே திரும்பிவிடலாமா என்று தீபக் யோசிப்பதற்குள் லின் ஆன்ட்டி அவன் தோளில் ஒரு பழுப்புத் துணியைப் போர்த்தி, கையில் மண்வெட்டியையும் கொடுத்துவிட்டார்.

வாரம் முழுக்க ஆபீஸில் க்ரிஷ் சொன்ன வேலை. சனிக்கிழமையானால் ஒத்திகையில் அவன் வயலில் வேலை. தீபக்குக்கு ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பா நாட்டை எவனுக்கோ கொடுத்தபோது இந்த எட்டுப் பேரும் என்ன நினைத்திருப்பார்கள்? லின் ஆன்ட்டியிடம் கேட்டான். ஷுன்னோடு இருந்ததில் எல்லா மகன்களும் நல்லவர்களாக மாறினார்கள் என்று மட்டும்தான் பழைய நூலில் இருக்கிறது, எப்படி என்பதை நீங்களே நடித்துக் காட்டுங்கள் என்று சிரித்தார் அவர்.

எட்டுப் பேருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊரான பிளேனோவிலிருந்து வந்த பல் டாக்டர், வயலில் தூங்கி வழியும் மகனானார். கொரியாக்காரர் ஒருவர், எந்நேரமும் சாப்பாட்டைத் தேடும் மகன். தீபக் உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டு வேலை செய்பவன். அதற்கு அவன் ஒன்றும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

நாடகத்தன்று ஹால் நிறைந்துவிட்டது. கடைசிக் காட்சியில், நாடு தனக்கு வேண்டாம், டான்ஜூவுக்கே கொடுங்கள் என்று ஷுன் நீளமாகப் பேசவேண்டும். க்ரிஷ் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை வரவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து லின் ஆன்ட்டி எடுத்துக் கொடுத்தது அவனுக்குக் கேட்கவில்லை. பின்னாலேயே நின்று நின்று அந்த வசனம் தீபக்குக்கு மனப்பாடம். உண்மையைச் சொன்னால், ஒரு நொடி அவனுக்கு உள்ளுக்குள் இனிக்கத்தான் செய்தது. அப்புறம் க்ரிஷ் திரும்பித் தன்னையே பார்ப்பதைக் கண்டான்.

அதே உர்ரென்ற முகத்தோடு முன்னால் வந்தான்.

"எங்கப்பா நாட்டையே தூக்கிக் கொடுக்கறார். அதையும் வேண்டாம், டான்ஜூவுக்கே கொடுங்கன்னு சொல்லப்போறியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

ஹால் அதிரச் சிரித்தது. க்ரிஷ்ஷும் சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் வசனம் மடமடவென்று வந்தது.

நாடகம் முடிந்து எல்லோரும் ஹால் வாசலில் நின்று டம்ப்ளிங் என்ற சீனக் கொழுக்கட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது க்ரிஷ் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"அந்த ப்ரமோஷன் உங்களுக்குத்தான் வரும்னு நானும் நெனச்சேன் தீபக். எப்படிப் பேசறதுன்னு தெரியாம ஒதுங்கியே இருந்துட்டேன்."

"எனக்குக் கோபம்தான். இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு," என்றான் தீபக். "ஆனா ஆபீஸ்ல நீ போட்ட புது டிசைன்ல ஒரு எடம் இடிக்குது. சொல்லட்டுமா?"

க்ரிஷ் இப்போதே சொல்லச் சொன்னான். தீபக் காகிதத் தட்டில் சாஸால் கோடு போட்டு விளக்க ஆரம்பித்தான். அவனைக் கூட்டிப்போகக் காரை எடுத்துக்கொண்டு வந்த மானஸா, ஜன்னலை இறக்கி இருவரையும் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று என்ஜினை அணைத்தாள்.