அவரே எடுத்த வாட்ச்

"பிரிச்சுப் பாக்காமக் கையெழுத்துப் போடாதீங்க மாமா" என்றாள் சாரதாமணி.

கூரியர்காரர் நீட்டிய தாளில் பேனாவை வைத்திருந்த பொன்னுச்சாமி நிமிர்ந்தார். அவர் தம்பி திருமூர்த்தி விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், இப்போது நடுக்கூடத்தில் மாலையோடு கிடக்கிறார். தலைமாட்டில் அழுது தொண்டை கட்டிப்போயிருந்த அவர் பெண்டாட்டி சாரதாமணி, ஒரு பார்சலுக்காக எழுந்து வாசலுக்கு வருவாள் என்று யார் கண்டது? ஒப்பாரி வைத்த பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாரதாமணி வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். டி-சர்ட்டை ஒருதரம் திருப்பிப் போட்டால் போதும், தையல் விட்ட இடம் தானாக அவள் கண்ணில் விழும். தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவாள். முதலாளியே கெஞ்சினாலும் பாஸ் போடமாட்டாள். திருமூர்த்திக்கு இன்டர்நெட் ஏலத்தில் பழைய கைக்கடிகாரம் வாங்கும் பித்துப் பிடித்ததும் வீட்டிலும் அவளுக்கு இதே வேலை வந்து சேர்ந்தது. அவர் ஆசைப்படுவார், இவள் கழித்துக் கட்டுவாள். விற்பவனைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படிக்காமல், பின்மூடியைத் திறந்து உள்ளே மெஷினைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லாமல், எந்த ஏலத்திலும் கைவைக்க விடமாட்டாள். பணமும் நேராக அவனுக்குப் போகக்கூடாது. வெப்சைட்காரனிடம் கட்டி வைத்து, பொருளைப் பார்த்துச் சரி என்று கூரியர் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போக வேண்டும். சிலசமயம் கம்ப்யூட்டர் திரையில் தெரியும் கடிகாரத்தின் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். இதுவரை ஒன்றில்கூட ஏமாந்ததில்லை என்பதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "அம்மிணி பாக்காட்டி எந்தம்பிக்குக் கீரைக்கட்டு வாங்கவும் தெரியாது" என்று பொன்னுச்சாமி எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்பார். திருமூர்த்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அது அவருக்கு எவ்வளவு உறைத்திருக்கிறது என்று போன வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் ஷிப்மெண்ட் வேலையில் மாட்டிக்கொண்ட ஒரு நாள் பார்த்து, தானாகவே ஏலம் கேட்டு ஒன்றைப் பிடித்துவிட்டார்.

"நீ பாக்காமயே ஒண்ணு எடுத்துப்போட்டேன் சாரதா. வரட்டும் பாரு, ஒரு ஸ்டிக்கரு ஒட்ட முடியாது உன்னால" என்றார். அண்ணனுக்கும் போன் போட்டுச் சொன்னார். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை அவள் பார்த்ததில்லை.

"இதுதானா அது?" என்றார் பொன்னுச்சாமி, பார்சலைப் பார்த்து. "இப்ப எதுக்கம்மிணி? திருப்பி அனுப்பிச்சுடலாம்."

"பாத்துட்டுச் சொல்றனுங்க மாமா."

நூல் வெட்டும் கத்தரியால் டேப்பைக் கிழித்தாள். ஆணியில் தொங்கிய திருமூர்த்தியின் சட்டைப் பையிலிருந்து, அவர் கடிகாரம் பார்க்கிற லென்சை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. டயலில் எழுத்துகளின் ஓரம் ஊறியிருந்தது, பனியன் பிரிண்டில் சாயம் கசிகிற மாதிரி. எல்லாம் புதுப் பெயிண்ட். நொடிமுள் வேறு ஏதோ கடிகாரத்துடையது, கட்டையாக இருந்தது. பின்மூடியில் நம்பர் இருந்த இடத்தை எவனோ நன்றாகத் தேய்த்து வைத்திருந்தான். கம்பெனியாக இருந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

"ரிட்டர்னுன்னா இப்பவே எழுதிக் குடுத்துருங்கக்கா" என்றார் கூரியர்காரர்.

பொன்னுச்சாமி கிட்டே வந்தார். அவர் குரலில் கேலி இல்லை. கேட்கவே பயந்தவர் போலக் கேட்டார்.

"ஏனம்மிணி... ஏமாந்துட்டானா?"

சாரதாமணி லென்சை எடுத்துவிட்டு நடுக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். குரல் என்னவோ செக்கிங் டேபிளில் பேசுகிற குரலாகத்தான் வந்தது.

"அசலுங்க மாமா. நான் பாத்திருந்தாலும் இதைத்தான் எடுத்திருப்பேன்."

அந்த ஏமாற்றுக்காரனுக்குப் பணம் போய்ச் சேரும் என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டாள்.

பொன்னுச்சாமி பந்தலுக்குப் போய், "தனியாவே எடுத்திருக்கான் எந்தம்பி. அசல் சாமானாமுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நாலாவது ஆளிடம் சொல்லும்போது துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

குளிப்பாட்டி, புது வேட்டியும் முழுக்கைச் சட்டையும் போட்டு முடித்ததும், சாரதாமணி வாட்ச்சுக்குச் சாவி கொடுத்து அவர் கையில் கட்டினாள்.

"நல்ல வாட்ச்சாமே, அதைப் போயி எதுக்குக் கண்ணு நெருப்புல போடறே?" என்றாள் பொன்னுச்சாமியின் மனைவி மருதம்மாள்.

"அவரே எடுத்ததுங்கக்கா. அவருகூடவே போகட்டும்."

சங்கு ஊதினார்கள். தூக்குவதற்கு ஆட்கள் குனிந்தபோது, "ஒரு நிமிசமுங்க" என்று சாரதாமணி முன்னால் வந்தாள். சட்டையின் கையை இழுத்து, டயலை மூடி, பட்டனைப் போட்டுவிட்டு விலகி நின்றாள்.