ஐந்து விநாடிப் பொத்தான்

அந்த லேப்டாப்பை ஆன் செய்துவிட்டுப் போய்ப் பல் துலக்கி, குளித்து, தலை சீவிக்கொண்டு வந்தாலும் அது அப்போதுதான் கண்ணைத் திறந்துகொண்டிருக்கும். கணவன், மனைவி இருவர் இருந்த அந்த வீட்டில் லேப்டாப் மனைவியுடையது. அவள் ரத்த வங்கியில் டெக்னீஷியன். ஆயிரத்தில் ஒருவர், லட்சத்தில் ஒருவர் என்று அபூர்வ ரத்த வகைக்காரர்களை ஒன்பது வருடமாகத் தேடித் தேடி அவள் சேர்த்த பட்டியல் அதற்குள் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். "உங்கள நம்பித்தான் நம்பர் தர்றேன்" என்று சொன்னவர்கள் அதில் பலர். அதனால் அவள் அதை வேறு எங்கும் ஏற்றி வைக்கவில்லை.

போன வாரம் பிரசவ அறையிலிருந்து ஒரு அழைப்பு. ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, கிடைக்காத வகை, உடனே ஆள் வேண்டும் என்றார்கள். லேப்டாப் திறக்கப் பதினோரு நிமிடம் ஆனது. அந்தப் பதினோரு நிமிடமும் அவள் உட்காரவே இல்லை. நல்லவேளை, ஆள் கிடைத்தார், தாயும் பிழைத்தாள். அன்று மாலையே அவள் கணவரிடம் சொல்லிவிட்டாள்: "பழைய ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு வேகமான புது டிஸ்க் போடணுங்க. உள்ள இருக்கிறது ஒண்ணு கூட போகக் கூடாது."

கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அதனால் உலகத்தில் உள்ள எல்லா இயந்திரமும் தன் சொல்லைக் கேட்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. புது டிஸ்க்கும், டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கும் பெட்டியும் வந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கால் தரையில் படவில்லை. வேடிக்கை பார்க்கத் தம்பியை வேறு வரவழைத்திருந்தார். கூடத்து மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, ஸ்குரூ டிரைவர்களை வரிசையாக அடுக்கி, ஆபரேஷன் தியேட்டர் தோற்றது போங்கள்!

"அண்ணே, பெரிய ஆளுண்ணே நீ!" என்றான் தம்பி. இன்னும் ஒரு ஸ்குரூ கூடக் கழலவில்லை.

"ஒரு நிமிஷங்க," என்றாள் மனைவி. "மொதல்ல அந்தப் பட்டியல மட்டும் ஒரு பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்கலாம்."

"நகல் எடுக்கத்தானேம்மா போறோம்? நகலுக்கு ஒரு நகலா?" மாஸ்டர் சிரித்தார். தம்பியும் சேர்ந்து சிரித்தான்.

"சரி, எதை எதுல சொருகுறீங்கன்னு வாய்விட்டுப் படிங்க, நானும் கூடப் படிக்கிறேன். எங்க வங்கியில அப்படித்தான். ஒருத்தர் லேபிள படிக்கணும், இன்னொருத்தர் திருப்பிச் சொல்லணும். அதுக்கப்புறம்தான் ரத்தப் பையைக் கையில குடுப்போம்."

"இது ரத்தம் இல்லம்மா, கம்ப்யூட்டர். ஆம்பளைங்க ரெண்டு பேரு இருக்கோம்ல? நீ போய் நல்லா சூடா டீ போட்டுக் கொண்டா."

ரத்த வங்கியில் டாக்டர்கள் கூட அவள் கையெழுத்துக்காகக் காத்திருப்பார்கள். வாசல்படி தாண்டி வீட்டுக்குள் வந்ததும் அவளுக்குத் தெரிந்தது டீ மட்டும்தான் என்று ஆகிவிடுகிறது. இது அந்த ஒரு வீட்டுக் கதை என்று யாரும் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அவள் அடுப்படிக்குப் போனாள்.

லேப்டாப்பின் அடிவயிற்றைத் திறந்து பழைய டிஸ்க்கை மாஸ்டர் அலுங்காமல் வெளியே எடுத்தார். அதைப் பாராட்டத்தான் வேண்டும். நகல் பெட்டியில் இரண்டு பள்ளம். ஒன்றின் விளிம்பில் பொடி எழுத்தில் 'சோர்ஸ்', மற்றதில் 'டார்கெட்'. சோர்ஸில் இருப்பது அப்படியே டார்கெட்டில் பதியும், டார்கெட்டில் ஏற்கெனவே இருந்தது சுத்தமாக அழிந்துபோகும். மாஸ்டர் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேடவில்லை. அவர்தான் போனில் ஒரு வீடியோவைப் பத்து தடவை பார்த்திருக்கிறாரே! அதில் ஒருவர் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நம்மைப் பார்த்தபடி செய்து காட்டினார். பழைய டிஸ்க் திரையில் வலது பக்கம் போனது. மாஸ்டரும் வலது பக்கம் போட்டார். எதிரே நிற்பவனுக்கு வலது எது, இடது எது என்று நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்!

"பொத்தான அஞ்சு செகண்டு அழுத்திப் பிடிக்கணும்டா. எண்ணு!"

"ஒண்ணு!" தம்பி ராக்கெட் விடுகிறவன் மாதிரி கத்தினான். "ரெண்டு!"

தட்டோடு வந்த மனைவியின் கண் நேராகப் பெட்டிக்குப் போனது. வருடக்கணக்கில் லேபிள் படித்த கண் அது.

"மூணு!"

"கையை எடுங்க!"

அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. மாஸ்டரின் விரல் தானாக எழும்பிவிட்டது. தம்பி வாயில் 'நாலு' பாதியில் நின்றது.

"சோர்ஸ்ல எது இருக்கு? படிங்க."

மாஸ்டர் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார். "சோர்ஸ்..." என்று ஆரம்பித்தவர் விளிம்பை இன்னொரு தடவை படித்தார். "சோர்ஸ்ல... புதுசு."

"சோர்ஸ்ல புதுசு," என்று அவள் திருப்பிச் சொன்னாள். "டார்கெட்ல?"

"பழசு."

வெற்று டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுத இருந்தார்கள். இன்னும் இரண்டு விநாடி போயிருந்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் போயிருப்பார்கள். மாஸ்டர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் திருவிழாதான். முதலில் பழைய டிஸ்க்கை லேப்டாப்பிலேயே மாட்டி, பதினோரு நிமிடம் காத்திருந்து, பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துப் பூட்டி வைத்தாள் அவள். பிறகு பெட்டி. அவள் படிக்க, மாஸ்டர் திருப்பிச் சொன்னார். "சோர்ஸ்ல பழசு!" "பழசு!" "டார்கெட்ல புதுசு!" "புதுசு!" தம்பி நிஜமாகவே ஐந்து வரை எண்ணினான். பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறி நிறைய ஒன்றரை மணி நேரம். புது டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டிப் பொத்தானைத் தட்டினாள்.

"பன்னெண்டு செகண்டு! அண்ணி, பன்னெண்டே செகண்டு!" தம்பி குதித்தான். பட்டியலை அவள் கடைசி வரி வரைக்கும் இறக்கிப் பார்த்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு. அவள் கண் கலங்கிவிட்டது, வாயோ சிரித்தது.

சிறிது நேரத்தில் மாஸ்டரின் போன் டிங் டிங் என்றது. சொந்தக்காரர்கள் குழுவில் தம்பி படம் போட்டிருந்தான்: 'அண்ணன் கை வச்சாரு, லேப்டாப் பறக்குது!' கீழே மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் கைதட்டல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. மாஸ்டர் போனை வாயருகே கொண்டுபோனார்.

"எல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்கங்க. நான் கை வச்சேன்தான், தலைகீழா வச்சேன். இவ மட்டும் தடுக்கலேன்னா ஒன்பது வருஷ உழைப்பு ரெண்டு செகண்டுல சாம்பலாகியிருக்கும். காலையிலேயே ரெண்டு தடவை சொன்னா, நான் டீ போடப் போகச் சொன்னேன். வேலை தெரிஞ்சவங்க யாருன்னு பாக்கணும்யா, ஆம்பளையா பொம்பளையான்னு பாக்கக் கூடாது. நான் பாத்தேன், தப்பு."

அனுப்பிவிட்டு அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "இவ்வளவு பேருகிட்டயும் மானத்தை விட்டுட்டேன். போதுமா?"

"மானம் எங்கயும் போகலங்க, வீராப்புதான் போச்சு. போகட்டும்," என்றாள் அவள். "உயிருக்குப் போராடுறவங்களுக்கு ரத்தத்துக்குப் பதிலா அதை ஏத்த முடியாது."